இடப்பக்க மட்கார்டு

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டெலி எழுதுகிறேன். இங்கே யாருக்கும் காய்ச்சல், தலைவலி இல்லை. நீ ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாயா, ஹாஸ்டல் சாப்பாடு இன்னும் வயிற்றைப் புரட்டுகிறதா என்று எழுது.

கிளம்பும்போது என்னை ஏன் எழுப்பவில்லை? எழுப்புகிறேன் என்று சத்தியம் செய்தாயே. நான் கண் விழித்தபோது உன் போர்வை மடித்து வைத்திருந்தது. அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா எங்கம்மா?" என்றேன். "ஆட்டோல போயிட்டா, முதல் பஸ்ஸுக்கு" என்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இதற்காக மட்டும் எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்று விடியற்காலையில் நம் பேப்பர்காரரை ஏதோ ஒரு வண்டி மரக்கடை வளைவில் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. பால் வண்டிக்காரர்கள் பார்த்துத் தூக்கிப் போயிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, கால்தான் தேறுமா என்று தெரியவில்லையாம். அடித்த வண்டி எது என்று யாருக்கும் தெரியாது.

அக்கா, அன்று அரைத்தூக்கத்தில் நம் மகாராணியின் சத்தம் கேட்டது. கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்தக் காரை ரிடையர்டு டாக்டர் வீட்டிலிருந்து அப்பா தள்ளிக்கொண்டு வந்த நாளிலிருந்து அது இருமுகிற இருமல் எனக்கு மனப்பாடம். வாசலில் இருமி நின்றது. பிறகு ஷெட் கதவு சாத்துகிற சத்தம். காலையில் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. இடுக்கு வழியாகப் பார்த்தேன், வண்டி மேல் தார்ப்பாய். அந்தக் கதவை அப்பா பூட்டி நான் பார்த்ததே இல்லை. "அந்த ஓட்டை உடைசலை எவன் திருடுவான், திருடினா அவன்தான் பாவம்" என்று அம்மாவே கேலி செய்வாளே.

அப்பா மில்லுக்கு லீவு போட்டார். ஸ்டோர் சாவியைக் கொஞ்ச நேரம் இன்னொருவரிடம் கொடுக்கவே மனசு வராத மனிதர். "வண்டிக்கு என்னாச்சுப்பா?" என்றேன். "கார்புரேட்டர்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து, "அக்காவுக்கு எதையும் எழுதித் தொலைக்காதே, நர்ஸ் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை" என்றார். கார்புரேட்டரைப் பற்றி எழுதினால் உன் படிப்பு எப்படிக் கெடும்?

அதனால் எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். நீ வீட்டு முகவரிக்குப் பதில் போடாதே. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் இருக்கிற தையல்கார அக்கா கடைக்குப் போடு. கேட்டுவிட்டேன். "என்னடி, இந்த வயசுல தனி அட்ரஸ் கேக்குது?" என்று சிரித்தாள். நீதான் எழுதுவாய் என்றதும் ஒப்புக்கொண்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
சுண்டெலி


மார்ச் 19

சுண்டெலிக்கு,

அக்காவின் ஆசிகள். நான் சௌக்கியமாக இருக்கிறேன். ஹாஸ்டல் சாப்பாடு அப்படியேதான். தட்டில் விழுந்ததும் நாங்கள்தான் அதற்கு முதலுதவி செய்கிறோம்.

உன்னை எழுப்ப மனசு வரவில்லை. வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாய். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. வயசான டிரைவர், வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினார். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் கைக்குழந்தை. நல்ல பிரயாணம்.

மகாராணி சத்தம் கனவாக இருக்கும். பூனை தும்மினாலே திருடன் என்று போர்வைக்குள் நுழைகிறவள் நீ. அப்பாவை நச்சரிக்காதே.

பேப்பர்காரருக்கு எந்தக் கால்? முழங்காலுக்கு மேலேயா, கீழேயா? எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததா? விரல் அசைகிறதா, காய்ச்சல் அடிக்கிறதா? விசாரித்து உடனே எழுது. பாடத்துக்காகக் கேட்கிறேன்.

படித்ததும் இதைக் கிழித்துப் போடு. அந்தத் தையல்காரி வாயில் விழுந்தால் ஊர் முழுக்கத் தைத்துவிடுவாள். அம்மாவுக்கு ஒத்தாசையாக இரு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் பாதி உயிர் திரும்பி வந்தது. நானும் அப்பாவும் நலம். அம்மாவுக்குத்தான் சரியான தூக்கம் இல்லை. உனக்கு நைட் டியூட்டி தொடங்கிவிட்டதா?

பேப்பர்காரருக்கு இடது கால். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்திருக்கிறது. வெளியே வரவில்லை. விரல் அசைகிறது. தையல்கார அக்காவின் அண்ணி அந்த வார்டில்தான் கூட்டித் துடைக்கிறாள். அதனால் எல்லாம் தெரிகிறது. போதுமா?

இனி நான் சொல்வதைக் கேள். நம் அப்பாவை உனக்குத் தெரியும். வளைந்த ஆணியைத் தட்டி நிமிர்த்தி வைப்பார். மகாராணிக்கு சீட் எங்கிருந்து வந்தது? யாரோ உடைத்துப் போட்ட வேனிலிருந்து. வைப்பர் மோட்டார் வேறு ஏதோ வண்டியுடையது, அதனால்தான் அது தப்புத் திசையில் துடைக்கிறது. பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, பழைய இரும்புக் கடைக்காரர் இறங்கி வரும்வரை வாரா வாரம் போய் நின்றவர்.

அப்படிப்பட்டவர் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மட்கார்டைப் புதிதாக வாங்கி வந்தார். முன்பக்கம், இடப்பக்கம். சுற்றியிருந்த காகிதம்கூடக் கிழியாத புதுசு அக்கா! அதோடு இடப்பக்க ஹெட்லைட்டும். வலப்பக்கம் பழசேதான். மகாராணிக்கு இப்போது ஒரு கண் புதுசு, ஒரு கண் பழசு.

அந்த வண்டியில் துருப்பிடிக்காத ஒரே இடம் அந்தப் பழைய மட்கார்டுதான். "இது மட்டும் கம்பெனித் தகடு, ஒருத்தன் கை வைக்கல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தட்டித் தட்டிக் காட்டுவாரே. "அது எங்கப்பா?" என்று கேட்டேன். "பழைய இரும்புக்குப் போட்டாச்சு" என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கலரும் மாறப்போகிறது. "பழைய வண்டிக்குப் பிறந்த கலர்தான் அழகு" என்று சொல்லி வெளிர் மஞ்சளுக்குக் கடை கடையாக ஏறி இறங்கினாரே, இப்போது கருநீலம் வாங்கி வைத்திருக்கிறார். அப்புறம் பிரேக். "அது கடைசில பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவர், மற்ற வேலையெல்லாம் பாதியில் கிடக்க, சக்கரங்களைக் கழற்றிப் போட்டு பிரேக்கில் உட்கார்ந்துவிட்டார். புது பிரேக் ஷூ, புது ஆயில் குழாய். நேற்று டிரைவர் சீட்டோடு மல்லுக்கட்டினார். யாரோ அதை முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள், துருப்பிடித்த கம்பியில் அது அப்படியே சிக்கிக்கொண்டது. சுத்தியலால் அடித்தடித்துத்தான் பின்னுக்கு வந்தது.

அக்கா, பேப்பர்காரரை அப்பாதான் அடித்துவிட்டாரோ? நீ "இல்லை" என்று ஒரு வார்த்தை எழுது. நம்பிவிடுகிறேன்.

சுண்டெலி


ஏப்ரல் 21

சுண்டெலிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நைட் டியூட்டிதான், அதனால் பதில் தாமதம். அம்மாவைச் சாயங்காலத்துக்கு மேல் டீ குடிக்க வேண்டாம் என்று சொல்.

எலும்பு வெளியே வராதது நல்லது. ரொம்ப நல்லது. கட்டுக்குள் அரித்தால் குச்சியை விட்டுச் சொறியக் கூடாது, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும், விரல்களை அடிக்கடி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதை அந்த அண்ணி மூலமாகச் சொல்ல வை. யார் சொன்னது என்று சொல்ல வேண்டாம்.

தகடு வெளியே பளபளக்கும், உள்ளே அரித்திருக்கும். அப்பா ஒன்று செய்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மனுஷன் கலரை மாற்ற ஆசைப்படுவதும் ஒரு குற்றமா?

கடிதம் எழுது, ஆனால் இந்த மாதிரி எழுதாதே. கணக்கில் எவ்வளவு வாங்கினாய்?

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். அம்மா இளைத்துவிட்டாள். நீ தூக்கம் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கணக்கில் குறைவுதான், அதைப் பற்றி இப்போது கேட்காதே.

நான் ஒரு வார்த்தை கேட்டேன். நீ தலையணை, குச்சி என்று எழுதியிருக்கிறாய்.

மட்கார்டு கிடைத்துவிட்டது அக்கா. பழைய இரும்புக்குப் போகவே இல்லை. கொல்லையில் தண்ணீர் மோட்டார் மழையில் நனைகிறது என்று அம்மா வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாளே, அதற்கு அப்பா புதிதாக ஒரு மூடி செய்து போட்டிருக்கிறார். நேற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. மூடியைத் தூக்கினேன். மேல்பக்கம் கருநீலம். அடிப்பக்கம் வெளிர் மஞ்சள். வளைவையெல்லாம் தட்டித் தட்டிச் சமமாக்கி, ஓரத்தைக் கத்தரித்து, மடித்து, கை கிழிக்காமலிருக்க அரம் போட்டுத் தேய்த்து அவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார். மஞ்சளின் நடுவில் ஒரு நசுங்கல், அது மட்டும் தட்டியும் போகவில்லை. அதில் ஒரு பச்சைக் கீறல். பேப்பர்காரர் சைக்கிளின் பச்சை. மிச்சம் மீதி பெயின்ட்டையெல்லாம் கலந்து அவரே அடிப்பாரே, ஊரில் வேறு எதற்கும் அந்தப் பச்சை கிடையாது.

வேறு யாராக இருந்தாலும் அந்தத் தகட்டைக் கண் காணாத இடத்தில் எறிந்திருப்பார்கள். நம் அப்பாவால் நல்ல தகட்டை வீணாக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ரொட்டி வேன்காரரை போலீஸ் பிடித்துப் போய்விட்டது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற நெட்டையின் அப்பா. தையல்கார அக்கா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: "வேன் மூஞ்சி நசுங்கிக் கெடக்கு. அந்த நேரத்துல அந்த ரோட்டுல வர்றவன் அவன் ஒருத்தன்தான். பின்ன யாரு, பேயா வந்து இடிச்சிட்டுப் போச்சு?" அப்புறம் என்னைப் பார்த்து, "ஆமா, உங்கப்பா வண்டி எப்பத்தான் வெளிய வரும்? அது ஓடுதோ இல்லையோ, அதப் பத்தின பேச்சு நல்லா ஓடுது" என்றாள்.

ஜாமீனில் விட்டுவிட்டார்கள். ஆனால் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள், பேக்கரியில் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். கேஸ் நடக்கும், ஜெயிலுக்குத்தான் போவார் என்கிறார்கள். நெட்டை மதியம் என்னிடம், "எங்கப்பா பேக்கரி கேட்டுல இடிச்சாருடி. கேட்டப் போய்ப் பாருங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கிறாரு, ஒருத்தரும் போய்ப் பாக்கல" என்றாள். பிறகு அவளே சிரித்து, "உங்கிட்ட சொல்லி என்ன பண்ண, நீ என்ன போலீஸா?" என்றாள்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல் அக்கா.

சுண்டெலி


ஜூன் 1

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு,

வணக்கம். நான் இங்கே நலமாக இருக்கிறேன். உங்கள் எல்லாருடைய நலத்தையும் அறிய ஆவல்.

கடைசிப் பரீட்சை ஆகஸ்டில் வருகிறது. அதுவரை விடுமுறைக்கு வர இயலாது. மேட்ரன் என் வேலையைப் பாராட்டினார். பரீட்சை முடிந்ததும் இங்கேயே வேலை கிடைக்கும் என்கிறார்கள். அம்மா நேரத்துக்குச் சாப்பிடவும். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் ஓய்வெடுக்கவும்.

தங்கைக்கு: நன்றாகப் படி. நமக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களில் தலையிடாதே. ஆஸ்பத்திரியில் இருக்கும் தெரிந்தவர்கள் வீடு திரும்பிவிட்டார்களா என்று எழுதவும்.

உங்கள் அன்பு மகள்


ஜூன் 14

அக்காவுக்கு,

நாங்கள் நலம். வீட்டுக்கு வந்த உன் கடிதத்தை அப்பா சத்தமாகப் படித்தார். "ஆஸ்பத்திரியில் இருக்கும் தெரிந்தவர்கள்" என்ற இடத்தில் நின்றுவிட்டார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். தையல் கடைக்கு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தினமும் போய் நிற்கிறேன். "என்னடி, தபால்காரன் மேல உனக்குக் கண்ணா?" என்று அவள் கேலி செய்கிறாள்.

பேப்பர்காரர் வீடு திரும்பிவிட்டார். கால் போகவில்லை. அம்மா பழம் வாங்கி என் கையில் கொடுத்து, "குடுத்துட்டு உடனே வந்துடு, உக்காராதே" என்றாள். நான் உட்கார்ந்தேன்.

அவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, கீழே தலையணை வைத்து உயர்த்தியிருந்தார். நீ சொன்னபடிதான். "வா வா, உங்க வீட்டுக்கு இனிமே பேப்பர் லேட்டாத்தான் வரும்" என்று சிரித்தார். அவர் சம்சாரம், "எல்லாம் அந்தப் புண்ணியவதி கட்டின கட்டு" என்றாள். எந்தப் புண்ணியவதி என்று கேட்டேன்.

"அடிச்சது என்ன வண்டின்னு தெரியலம்மா, கண்ண இருட்டிடுச்சு" என்றார் அவர். "ஆனா கொஞ்ச நேரத்துல ஒரு பொண்ணு பக்கத்துல உக்காந்திருந்தா. 'அசையாதீங்க, அசையாதீங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. ரோட்டுல செதறிக் கெடந்த என் பேப்பரையெல்லாம் வாரி எடுத்து, கெட்டியாச் சுருட்டி, காலுக்கு ரெண்டு பக்கமும் வச்சுத் துணியக் கிழிச்சுக் கட்டினா. பால் வண்டி வெளிச்சம் தெரிஞ்சப்ப திரும்பிப் பாக்கறேன், ஆளக் காணோம். கட்டு மட்டும் இல்லேன்னா கால எடுத்திருப்போம்னு டாக்டரே சொன்னாரு. அந்தப் பொண்ணு கையப் புடிச்சு ஒரு வார்த்த சொல்லணும். எங்க போய்த் தேடறது?"

நான் எழுந்து வந்துவிட்டேன். அம்மா சொன்னது சரி. உட்கார்ந்திருக்கக் கூடாது.

விடுமுறையில் என் காலைக் குச்சி மாதிரி நீட்டச் சொல்லி, பழைய பேப்பரைச் சுருட்டி இரண்டு பக்கமும் வைத்துக் கட்டிக் கட்டிப் பழகினாய். இறுக்கமாக இருக்கிறது என்று நான் கத்தினேன். "கத்தாதே, நோயாளி" என்றாய். விடியற்காலையில், மரக்கடை வளைவில், வேறு யாருக்கு அது தெரியும்? அப்பாவின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும் அளவுக்கு அந்த சீட்டை யார் முன்னுக்குத் தள்ளியிருப்பார்கள்? அப்பாவின் தோள் உயரம்கூட இல்லாத நீ. ஆட்டோவும் இல்லை, மூக்கை உறிஞ்சுகிற டிரைவரும் இல்லை, ஜன்னல் சீட்டும் இல்லை.

இத்தனை நாளும் அப்பாவைப் பார்த்துப் பயந்தேன். அவர் கதவைத் திறக்கும் சத்தத்துக்கு நடுங்கினேன். அதையெல்லாம் உனக்குத்தானே எழுதினேன்! நீ படித்துவிட்டு எலும்பைப் பற்றிக் கேட்டாய்.

ஓட்டியது நீதானே?

சுண்டெலி


ஜூலை 2

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க வேண்டும், கேட்கிறேன். பதில் வரவில்லை.

அப்பாவிடமே கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகாராணி முடிந்துவிட்டது. கருநீலம், பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. பின் சீட்டுக்கும் பெல்ட் வைத்திருக்கிறார். பிரேக்கைத் தொட்டாலே சக்கரம் நிற்கிறது. ஆனால் வெளியே எடுக்கவே இல்லை. துணியை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓட்டினது யாருப்பா?" என்றேன்.

தேய்த்த கை நிற்கவில்லை. "யாரு ஓட்டினா என்ன? வண்டி என்னுது. பிரேக்கு சரியில்லன்னு தெரிஞ்சே ரோட்டுக்கு எடுத்துட்டுப் போனவன் நான்."

"அக்காதானே?"

"சத்தம் போடாதே. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டறேன்பான்னு கேட்டா. குடுத்தேன். நான் குடுத்தேன்." அப்புறம் ஏதோ மில்லில் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "அவ நர்ஸாகணும். கேஸுன்னு ஒண்ணு வந்துட்டா எவன் வேலை குடுப்பான்? பரீட்சை முடியட்டும். நானே போய் நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன்."

"அதுக்குள்ள நெட்டையோட அப்பாவ உள்ள வச்சிடுவாங்கப்பா. இந்த மாசக் கடைசில கேஸு."

"அவரு பண்ணலன்னா விட்டுடுவாங்க."

"பண்ணலன்னு நமக்குத்தானேப்பா தெரியும்?"

அவர் துணியை உதறி மடித்தார், ஓரம் ஓரத்தோடு சேரும்படி. "அக்காவுக்கு ஏதாவது எழுதினியா?" என்றார். "இல்லப்பா" என்றேன். இந்த வீட்டில் நானும் பொய் சொல்லப் பழகிவிட்டேன்.

நெட்டை மதியம் சாப்பிட ஒன்றும் கொண்டுவருவதில்லை. பசிக்கவில்லை என்கிறாள். ரொட்டிக்காரன் வீட்டில் ரொட்டி இல்லை என்று பையன்கள் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

கேஸ் வருவதற்குள் நீ வந்து சொல். வெளியே சொல்ல எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில் இருக்காதே.

சுண்டெலி


ஜூலை 15

சுண்டெலி,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பல தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். உடம்பு பரவாயில்லை.

பால் வண்டியின் வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். அதற்கு முன்பு இழுத்திருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன். இதை மட்டும் நம்பு.

பரீட்சை முடியட்டும். இன்னும் கொஞ்ச நாள்தான். முடிந்த அன்றே வருகிறேன். அதுவரை வாயைத் திறக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அவர் ஊன்றி நடக்கிறாரா?

அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். அம்மா படுத்திருக்கிறாள், காய்ச்சல் இல்லை. அவர் கம்பு ஊன்றி நடக்கிறார்.

நீ இதைப் படிக்கும்போது அவர்கள் உன்னிடம் வந்து போயிருப்பார்கள். ஆனாலும் நடந்ததை நடந்தபடி உனக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை.

இன்று காலையில் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். "நீயும் வா" என்றார். எங்கே என்றேன். "ஸ்டேஷனுக்கு. ரொட்டிக்காரரு நேத்து வழியில என்னப் பாத்துக் கும்பிட்டாரு. எங்கியாவது வேலை இருந்தா சொல்லுங்க சார்ங்கறாரு. எங்கிட்ட. உங்கம்மா வர மாட்டேன்னுட்டா. தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன்" என்றார். நடந்தே போனோம்.

இன்ஸ்பெக்டரிடம், நான்தான் ஓட்டினேன், பிரேக் பிடிக்கவில்லை, பயத்தில் போய்விட்டேன் என்றார். மோட்டார் மூடியையும் சொன்னார். ஒரு போலீஸ்காரர் போய் அதை எடுத்து வந்தார். இன்ஸ்பெக்டர் அந்த மடிப்பைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கீங்க" என்றார். பாராட்டா, ஏளனமா, தெரியவில்லை. ரொட்டி வேன்காரரை வரச் சொல்லி, இனி கேஸ் உன் மேல் இல்லை என்றார்கள். அவர் அப்பாவை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டு முகத்தை மூடிக்கொண்டார்.

பேப்பர்காரரையும் கூட்டி வந்திருந்தார்கள். அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், நீங்கதான் இடிச்சீங்கன்னா சரி, போகட்டும். அந்தப் பொண்ணப் பாத்தீங்களா? எனக்குக் கட்டுப் போட்டாளே?"

"பொண்ணு யாரும் இல்ல. நான் மட்டும்தான்" என்றார் அப்பா.

"அப்ப கட்டுப் போட்டது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான்தான்."

இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்த பேப்பரை எடுத்து அப்பா முன்னால் போட்டார். ஒரு நாடாவையும் போட்டார். "அதோ, அவர் காலு. கட்டிக் காட்டுங்க."

அக்கா, இரும்பை வளைக்கிற கை. பேப்பரைச் சுருட்டினார், அது பிரிந்தது. மறுபடி சுருட்டினார். முட்டி போட்டு உட்கார்ந்து பேப்பர்காரர் காலைத் தொட்டார். நாடா நழுவி விழுந்தது. எடுத்தார். விழுந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரை அவர் கையிலிருந்து வாங்கினேன். கெட்டியாகச் சுருட்டினேன், இரண்டு பக்கமும் வைத்தேன், கீழே ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று, முடிச்சு வெளிப்பக்கம். கட்டி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது.

பேப்பர்காரர் என் முகத்தைப் பிடித்துத் தூக்கினார். "நீயாம்மா?" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நீதானா அது?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அப்பா என்னைப் பார்த்த பார்வை அதைத்தான் கேட்டது. இதோ, நான்தான் அந்தப் புண்ணியவதி. யாரும் உன்னைத் தேட மாட்டார்கள். சுவரோரமாக ரொட்டி வேன்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இல்ல. எங்க அக்கா" என்றேன். "அக்காதான் ஓட்டினா. அக்காதான் எறங்கி வந்து கட்டினா."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. தரையில் கிடந்த நாடாத் துண்டை எடுத்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான் தனியாக வீட்டுக்கு வந்தேன்.

நாளைக் காலையில் ஜீப்பில் உன் ஹாஸ்டலுக்கு வருகிறார்கள். பேப்பர்காரரும் கூட வருகிறாராம். அவ்வளவு தூரம் காலை மடக்கி உட்கார முடியாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிப் பார்த்தார். "நீட்டிக்கிட்டு வர்றேன். அந்தப் பொண்ண நான் கண்ணால பாக்கணும்" என்று பிடிவாதமாக நிற்கிறார்.

ஸ்டேஷன் வாசலில் நான் அவரைப் பிடித்துக் கேட்டேன், திட்டப் போறீங்களா, கும்பிடப் போறீங்களா என்று.

"அவளப் பாத்தாத்தாம்மா தெரியும்" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

சுண்டெலி